எலி மனு

“‘எலிகள் பெருகக் காரணமான இந்த ஆறு வீடுகளையும் உடனே இடித்து, ஏரி பார்க்க வரும் வெளியூர்க்காரர்களைக் காப்பாற்றும்படிக் கேட்டுக்கொள்கிறோம்.’ கேட்டுக்கிட்டீங்களா? இதுதான் எங்களுக்கு வந்த மனு.”

படித்து முடித்த சுகாதார ஆய்வாளர் பெரியண்ணன் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். கூட வந்த ஆளிடம் அளவு நாடா இருந்தது.

ஏற்காட்டில் மலர்க்காட்சிக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. ஏரி ரோட்டில் அருள்சாமியின் லாட்ஜ். அதன் பின்சுவரை ஒட்டி ஆறு ஓட்டு வீடுகள். அவற்றில் இருந்தவர்கள் எல்லாரும் காப்பி எஸ்டேட்டில் கூலி வேலை செய்கிறவர்கள்.

“எந்தப் பாவி எழுதிப் போட்டானுங்க?” என்று அழுதாள் முதல் வீட்டு வேலம்மாள். “அவன் கை வெளங்காமப் போக!”

“பேரு போடலைம்மா. ‘இப்படிக்கு நலம் விரும்பி’ன்னு இருக்குது.”

வேலம்மாள் லாட்ஜ் மாடியை அண்ணாந்து பார்த்தாள். மற்றவர்களும் அங்கேதான் பார்த்தார்கள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அருள்சாமி நின்றார்.

“யாரு எழுதுனா என்னங்க சார்? எழுதுனதுல தப்பிருக்குதுங்களா? போன வாரம் ரூமுக்குள்ள எலியைப் பாத்துப்போட்டு ஒரு குடும்பமே காலி பண்ணிட்டுப் போயிருச்சு” என்றார் அவர் மேலிருந்தபடியே.

நாடாவைப் பிரித்தார்கள். அப்போதுதான் கடைசி வீட்டு மருதாயி முன்னால் வந்தாள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. அதன் கால் கட்டைவிரலில் துணிக்கட்டு.

“ஏனுங்க சார், அளக்கறதை அப்புறம் அளந்துக்கலாமுங்க. எலி எங்க தின்னு பொழைக்குதுன்னு மொதல்ல பாருங்க. என்ற ஊட்டுக்குள்ள வாங்க.”

பெரியண்ணன் குனிந்து உள்ளே போனார். கேழ்வரகு தகரப் பெட்டிக்குள் இருந்தது. பானைமேல் தட்டு, தட்டின்மேல் கல். தரையில் ஒரு பருக்கை கிடையாது. ஆனால் விட்டத்தின்மேல் எலிப்புழுக்கை கைப்பிடி கைப்பிடியாக அள்ளலாம் போலக் கிடந்தது.

“குழந்தைக்குக் கால்ல என்ன?”

“எலி கடிச்சதுங்க. இது ரெண்டாந்தடவை. சேலம் போயி ஊசி போட்டுட்டு வந்தோம்.”

பதினெட்டு வருடமாக எலி ஒழிப்பு வேலை பார்த்தவர் பெரியண்ணன். தின்ன ஒன்றும் இல்லாத இடத்தில் இத்தனை எலி எப்படி என்று யோசித்தார். வெளியே வந்து நாடாவைச் சுருட்டச் சொன்னார்.

மறுநாள், பொரிமாவில் கருவாட்டுத் தூளையும் நீலச் சாயத்தையும் பிசைந்து உருண்டைகளாக்கிக் கொண்டுவந்தார். அதில் விஷம் இல்லை. தின்ற எலியின் புழுக்கை நீலமாகிவிடும், அவ்வளவுதான். லாட்ஜின் சாக்கடை ஓரம், மளிகை அறை, எச்சில் இலைக் குழி என்று எல்லா உருண்டைகளையும் அங்கேயே வைத்தார். வீடுகளில் ஒன்றுகூட வைக்கவில்லை.

“எலி அவங்க ஊட்டுல இருக்குது. என்ற லாட்ஜுல எதுக்குங்க வெக்கறீங்க?” என்றார் அருள்சாமி.

“ரெண்டு நாள் பொறுங்க, பாக்கலாம்.”

அந்த இரண்டு நாளில் வேலம்மாள் பாத்திரங்களை மூட்டை கட்டி மஞ்சக்குட்டையில் இருந்த தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மற்றவர்களும் கட்ட ஆரம்பித்தார்கள். மருதாயி மட்டும் எதையும் கட்டவில்லை. வேலைக்கும் போகவில்லை.

மூன்றாம் நாள் காலை பெரியண்ணன் ஒவ்வொரு வீட்டு விட்டத்திலும் டார்ச் அடித்துப் பார்த்தார். ஆறு வீட்டிலும் புதுப் புழுக்கையெல்லாம் நீலம். அருள்சாமியையும் ஏணியில் ஏறிப் பார்க்கச் சொன்னார்.

இறங்கி வந்த அருள்சாமி லாட்ஜைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப... தீனி என்ற லாட்ஜுலீங்களா?”

“தீனி உங்க லாட்ஜுல, தூக்கம் இவங்க ஊட்டுல. தீனியை நிறுத்துங்க, எலி தன்னால கொறையும். ஊட்டை இடிச்சீங்கன்னா அத்தனையும் உங்க ரூமுக்கே குடிவந்துரும்.”

அன்றைக்கே நோட்டீஸ் கொடுத்தார். பதினைந்து நாளில் சாக்கடை வாய்க்குக் கம்பிவலை வந்தது. மளிகை அறைக் கதவின் அடியில் தகரம் அடித்தார்கள். எச்சில் இலை மூடி போட்ட டிரம்முக்குப் போனது. வளைகளைக் கல்லும் சிமெண்டும் வைத்து அடைத்தார்கள். வீடுகளில் வைத்த பொறிகளில் முதல் வாரம் எழுபது எலிகள் விழுந்தன. இரண்டாம் வாரம் ஒன்பது. மூன்றாம் வாரம் ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகப் பெரியண்ணன் வந்தபோது, மருதாயி வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை உள்ளே வெறும் தரையில் தூங்கியது.

“நொம்ப நல்லா இருக்குதுங்க சார். இப்பத்தான் கொழந்தையைக் கீழ உட முடியுது.”

“சந்தோசம்மா. இனி ஃபைலை மூடோணும். மனு போட்டவருக்குப் பதில் எழுதலாம்னா விலாசம் இல்லை. அருள்சாமியைக் கேட்டா, பெத்த புள்ளை மேல சத்தியமா நான் எழுதலைங்கறாரு.”

“மெய்தானுங்க. அவரு எழுதல.”

“உனக்கு எப்படிம்மா தெரியும்?”

மருதாயி வேலம்மாள் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“நாந்தானுங்க எழுதுனேன். லாட்ஜுச் சாக்கடையைச் சரிபண்ணச் சொல்லி ரெண்டு வருசமா ஆறு மனு போட்டேன், ஒருத்தரும் எட்டிப் பாக்கலீங்க. எங்க ஊட்டை இடிக்கச் சொல்லி ஒண்ணே ஒண்ணு போட்டேன், மறுநாளே வந்துட்டீங்க.”