பத்து நாள் வெளிச்சம்

1998 மார்ச் 16, திங்கட்கிழமை. பத்து நாள் சிவப்பு விளக்கின் கீழ் உட்கார்ந்தும் வீரம்மாவின் தோள்வலி தீரவில்லை. தீர்ந்துவிட்டதாக அவள் ஒப்பமிட வேண்டும் என்று தோட்டத்து மருந்தகம் வற்புறுத்தியது.

இலங்கை மலையகத்தில் இறம்பொடைக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கொழுந்து பறிப்பவள் அவள். அன்று காலை கூடையை முதுகில் ஏற்றப் போனபோது வலக்கை எழும்பவில்லை. கங்காணி அவளை மலைக்கு அனுப்பாமல் மருந்தகத்துக்கு அனுப்பிவிட்டார்.

மருந்தகத்துக்குப் பொறுப்பானவர் குணரத்தினம், யாழ்ப்பாணத்தவர். பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர்; ஆயினும் தோட்டம் முழுவதற்கும் அவர்தாம் 'டாக்டர் ஐயா'.

தோள்வலிக்கென்று கம்பனி அனுப்பிய அந்த விளக்கு வந்து ஒரு மாதங்கூட ஆகவில்லை. அதன் கண்ணாடியைத் தம் மூக்குக்கண்ணாடியைவிடக் கவனமாகத் துடைத்து வந்தார் குணரத்தினம். விளக்கால் குணமடைந்த முதல் நோயாளி இன்னார் என்று கொழும்புக்கு அறிவிக்கும் கடிதம் தட்டச்சில் ஆயத்தமாக இருந்தது. அதன் அடியில் வீரம்மாவின் ஒப்பம் ஒன்றுதான் குறை.

அவர் மைத்தட்டை அவள்பக்கம் நகர்த்தினார். "பெருவிரலை வை, பிள்ளை."

வீரம்மா அதைத் திருப்பித் தள்ளினாள். "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுங்க ஐயா. அதனாலதான் போடல."

இருமல் மருந்துக்காக வாங்குப் பலகையில் காத்திருந்த லெட்சுமி, வீரம்மாவுடன் ஒரே மலையில் கொழுந்து பறிப்பவள். வாயை அடக்கத் தெரியாதவள். "நானுஓயாவுல செவப்பு லைட்டக் கண்டா ரயிலே நின்னுருது. ஒன் வலி நிக்க மாட்டேங்குதாக்கும்?" என்றாள். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். குணரத்தினத்தின் மீசைகூடச் சற்று அசைந்தது; இருமி மறைத்துக்கொண்டார்.

வீரம்மா சிரிக்கவில்லை. ஒப்பமிட்டால் நாளையே முழுக்கூடையுடன் ஏழாம் நம்பர் மலை ஏற வேண்டும். அந்தச் சரிவில் தோள் அடியோடு போய்விடும். ஒப்பமிடாவிட்டால், குணமான பின்பும் வேலைக்கு வர மறுக்கிறாள் என்று தோட்டத்தை நடத்தும் துரைக்கு எழுதப் போவதாகக் குணரத்தினம் முன்னமே கூறிவிட்டார். துரை வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவார்.

குணரத்தினம் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து வீரம்மாவே கொண்டுவந்து கொடுத்த துண்டு அது. அங்கிருந்த சிங்கள டாக்டர் அம்மா, தோட்டத்தார் பேச்சில் 'நோனா', அன்று அவள் தோளை அழுத்திப் பார்த்தார். நாளொன்றுக்கு எத்தனை கிலோ சுமக்கிறாய் என்று கேட்டார். பதிலைக் கேட்டுப் பேனையைக் கீழே வைத்தார். மறுபடியும் ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் எழுதினார். ஒரே ஓர் ஆங்கிலச் சொல். பக்கத்தில் நாள்கணக்கு.

"பெரியாஸ்பத்திரி டாக்குத்தர் எழுதினது இது. லைட், பத்து நாள். நான் ஒரு நாளும் தவறவிடேல்லை. விளக்கு பொய் சொல்லாது."

அவர் தவறவிடவில்லை என்பது மெய். மாலைதோறும் கொழுந்து நிறுத்துக் கூடையை இறக்கியதும் வீரம்மா நேரே வந்து விளக்கின் முன் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் தோளில் இதமான சூடு படர்ந்தது. மறுநாள் காலை கூடை ஏறியதும் அந்த இதம் போன இடம் தெரியவில்லை.

"வெளக்கு பொய் சொல்லலீங்க. என் தோளும் சொல்லல. எழுதிக் குடுத்த நோனாவையே கேளுங்க."

குணரத்தினத்துக்கு இந்த யோசனை பிடித்துப்போயிற்று. டாக்டர் வாயாலேயே ஒரு சொல் வந்துவிட்டால் இவள் பிடிவாதம் அத்தோடு அடங்கும் என்று எண்ணி, பக்கத்திலிருந்த தோட்டத்து ஆபீசுக்கு அவளை அழைத்துச் சென்றார். லெட்சுமி இருமலை மறந்து பின்னாலேயே போய் ஆபீஸ் யன்னலோரம் நின்றுகொண்டாள்.

மூன்றாம் முயற்சியில் தொலைபேசி இணைப்புக் கிடைத்தது. தாங்கள் எழுதியபடியே பத்து நாளும் கொடுத்து முடித்தாயிற்று, ஆயினும் இந்தப் பெண் வலி என்றே சாதிக்கிறாள் என்று குணரத்தினம் நிமிர்ந்து நின்று ஆங்கிலத்தில் முறையிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. ஆம், பத்து நாளும் அவள் வழக்கம்போலக் கொழுந்து பறித்தாள், ஒரு நாளும் வேலை கெடவில்லை என்று பெருமையோடு பதில் கூறினார்.

அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் நீண்டது. கேட்டுக்கொண்டிருந்தார். மற்றக் கையால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"உன்னோடை கதைக்கவேணுமாம்" என்று கடைசியில் தொலைபேசியை வீரம்மாவிடம் நீட்டினார்.

அவள் இடக்கையால் வாங்கினாள். டாக்டர் சிங்களத்தில் நிதானமாகப் பேசினார். வீரம்மா இரண்டு முறை "ஹரி, நோனா" என்று சிங்களத்திலேயே சரி சொன்னாள். பிறகு தொலைபேசியை அதன் இடத்தில் வைத்தாள்.

"என்னாவாம்?" என்று யன்னலுக்கு வெளியிலிருந்து லெட்சுமி கேட்டாள்.

வீரம்மா குணரத்தினத்தைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"நோனா எழுதுனது வெளக்கு இல்லீங்களாம். பாரம் தூக்காத லைட்டு வேலையாம். பத்து நாள இன்னையிலேருந்து எண்ணுங்க, ஐயா."

வாசகரே, அடைமொழியை மட்டும் எழுதி யாரேனும் உம்மிடம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினால், பெயர்ச்சொல் எங்கே என்று கேளும். அதைக் கேட்டு வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்.