கடைசி நாட்டின் பதில்

அன்று மழை பெய்ததா என்பதை, தடுப்பூசிப் பாதுகாப்பு அதிகாரியின் அறையில் தட்டச்சராக இருந்த என்னால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த அம்மா, இறந்துபோன மகளின் பள்ளி அடையாள அட்டையைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள் என்பது மட்டும் நிச்சயம்.

ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியிருந்த சமயம். அதற்கான தடுப்பூசி போட்ட சில பிள்ளைகளுக்கு வலிப்பு வந்ததாகப் புகார் எழுந்தது. ஊசியை யாரும் நிறுத்தவில்லை. ஆனால் பல நாடுகள் சேர்ந்து விசாரித்துக்கொண்டிருந்தன. ஒரு நாட்டின் விவரம் மட்டும் பாக்கி.

"ஊர் கூடித்தானேம்மா தேர் இழுக்கணும்? அந்த நாட்டுக்காரங்க வடத்தைத் தொடவே மாட்டேங்கிறாங்க," என்பார் எங்கள் அலுவலகக் குமாஸ்தா. பெஞ்சில் காத்திருக்கும் பெற்றோர்கள் அவரைத் திட்டுவார்கள். அவள் மட்டும் பேசாமல் இருப்பாள்.

அதிகாரியைப் பார்த்தால் ஒரே கேள்விதான்.

"ஊசியில தப்பு இருக்கும்ல சார்?"

"இருந்தா மறைக்க மாட்டோம்மா."

"இருக்கும் சார். இருக்கணும்."

ஒருநாள் அதிகாரியே கேட்டார். "பொண்ணுக்கு என்னம்மா ஆச்சு?"

"கடைசியில ஒரு வாய் தண்ணிகூட உள்ள இறங்கல சார்."

அவர் மேலே கேட்பதற்குள் தொலைபேசி அடித்தது.

கடைசி நாட்டின் விவரமும் வந்து சேர்ந்த அன்று, அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"எல்லா நாட்டையும் சேர்த்துப் பார்த்தாச்சும்மா. ஊசி போடாத பிள்ளைங்களுக்கும் அதே அளவுக்குத்தான் வலிப்பு வந்திருக்கு. ஊசி மேல குத்தம் இல்ல."

குமாஸ்தா ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போனார்.

"கொஞ்சங்கூடவா இல்ல? இன்னொரு தடவை பாக்கச் சொல்லுங்க சார்."

"எத்தனை தடவை பார்த்தாலும் இதுதாம்மா பதில்."

வெளியே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"கோபம் வரும், தெரியும்," என்றார் அதிகாரி மெதுவாக. "ஆனா உங்க பொண்ணு ஊசியால சாகலம்மா."

"தெரியும் சார். நீங்க விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் வேண்டாம்னு, நான்தான் அவளுக்கு ஊசியே போடாம வச்சிருந்தேன்."