எட்டடிக்குக் குறையாது

வளர்ப்பு மீன் கடையின் தரையில் அளவு நாடா எட்டடிக்கு நீண்டு கிடக்கிறது. ஒரு முனையைக் கடைக்காரி காலால் மிதித்துக்கொண்டு நிற்கிறாள். மறுமுனையில், மீன் வாங்க வந்த கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் நிற்கிறார். இருவருக்கும் நடுவே, கண்ணாடிப் பெட்டியில், விரல் நீளமே உள்ள சிவப்புவால் கெளுத்திக் குஞ்சு மீசையை அசைத்தபடி அடித்தரையைத் துழாவுகிறது. சாயங்கால வெயில் தண்ணீருக்குள் புகுந்து வந்து எதிர்ச்சுவரில் நெளிகிறது. காற்றுக்குழாய்கள் ஓயாமல் குமிழிகளைக் கக்குகின்றன. "எங்க வீட்ல நாலடித் தொட்டி இருக்கு. இத்துனூண்டு மீனுக்கு அது போதாதாம்மா?" என்கிறார் அவர். "இப்ப போதும்ண்ணே. ரெண்டு வருஷத்துல இது மூணடி வளந்துடும். அப்புறம் திரும்பறதுக்கு எடமில்லாம முதுகு கோணிப்போய்க் கெடக்கும். எட்டடி நீளம், நாலடி அகலம். அதுக்குக் கொறஞ்சா தர மாட்டேன்." "தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் மீன் வளரும்னு சொல்றாங்களே?" "செருப்புக்குத் தகுந்த மாதிரியா கால் வளருது?" அவர் முகம் இறுகுகிறது. "அடுத்த மாசம் கடை வாடகை ஒப்பந்தத்தப் புதுப்பிக்கணும். ஞாபகம் இருக்குல்ல?" பின்பக்கம் தொட்டி கழுவிக்கொண்டிருக்கும் அவள் கணவனின் கை நின்றுவிடுகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த வலையை ஆணியில் மாட்டுகிறாள். "கடைய வேற எடத்துக்கு மாத்திக்கலாம்ண்ணே. இந்த மீன் வளர்றத யாரும் நிறுத்த முடியாது." கணவன் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு வந்து, அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறான்.