ஜோசப்பின் வரைந்த கதவு

ஹட்டன் கட்டட வரைபட அலுவலகத்தில், கணினியில் எழும் தேயிலைத் தோட்ட வீடுகளுக்கெல்லாம் வரைபடக்காரி ஜோசப்பின் வரைந்த கதவுதான். கதவு, ஜன்னல்களின் பொதுத் தொகுப்பைப் பராமரிப்பதென்னவோ பிரியந்தி. அவள் வரைந்த கதவை ஒருவரும் எடுப்பதில்லை.

"ஒன் கதவுல லய வாடை அடிக்குதுடி," என்று ஜோசப்பின் சிரித்தாள்.

பிரியந்தி இன்னும் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்தான் இருந்தாள். தொகுப்பில் ஜோசப்பினின் கதவை அழித்துவிட்டு, அந்த இடத்தில் தன்னுடையதை வைத்தாள். திரையில் எல்லா வீடுகளிலும் ஒரே நொடியில் கதவு மாறிற்று.

மாலையில் அக்கரப்பத்தனையில் பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு நடந்தாள். அங்கே காம்பரா காம்பராவாக, ஒவ்வொரு அறை வாசலிலும், அவள் வரைந்த கதவே நின்றது. அவளுக்குப் பயம் வரவில்லை. ஜோசப்பின் இதைப் பார்க்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

தன் வீட்டுக் கதவைத் தட்டினாள். "அம்மா, கதவத் தொறங்க."

"எந்தக் கதவுடி?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "இங்க நாலு பக்கமும் செவருதான இருக்கு."