இரண்டு தட்டு

பெர்மாஸ் ஜெயாவில் காலை மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. கோலாலம்பூரில் வேலை கிடைத்துக் கிளம்பும் லோஷினியின் காருக்குப் பின்னால், ஈரச் சிலிப்பரோடு அப்பா அர்ச்சுனன் நிற்கிறார். "கோஸ்தான்... கோஸ்தான் லா," என்று கையசைக்க, கார் மெல்லப் பின்னால் நகர்கிறது. பின்சீட்டில் ரைஸ் குக்கர் மூடி கிணுகிணுக்கிறது. பின்னால் இடமில்லை என்றால், நிறுத்தச் சொல்லி அவர் காரை இரண்டு தட்டு தட்டுவார். அவள் லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். அவள் ஜன்னலில் தலையை நீட்டுகிறாள். "கோஸ்தான் இங்கிலீஷாம்பா. 'கோ அஸ்டர்ன்'னு கப்பலைப் பின்னால எடுக்கச் சொல்வாங்களாம். நேத்துதான் படிச்சேன்." "அப்படியா? கப்பலுக்குப் பின்னால யாரும்மா நின்னு தட்டுவாங்க?" அவள் சிரித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்க்கிறாள். பின்னால் ஒரு லாரியே நிற்கும் அளவுக்கு இடம் கிடக்கிறது. அப்பா இரண்டு தட்டு தட்டுகிறார்.