வாதாடும் மனைவிமார்

ரஷ்ய நாவலாசிரியர் ஒருவரைப் பற்றி ஜூலியன் எழுதிய விமர்சனக் கட்டுரையோடு நதீஷா அவன் எதிரே கதிரையில் அமர்ந்தாள். யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் கப்பலொன்று ஊதியது.

"இவருடைய நாவல்களில மனைவிமார் ஓயாமல் வாதாடுறது பெரிய குறை எண்டு எழுதியிருக்கிறீங்கள்."

"ஓம். அதால கதை நகரேல்ல."

"புருசன்மார் பக்கம் பக்கமாய்ப் பிரசங்கம் வைக்கேக்க மட்டும் நகருதோ?"

ஜூலியன் கட்டுரையை வாங்கி அந்தப் பத்தியை மறுபடி வாசித்தான். கடைசியில் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அதை நான் யோசிக்கேல்ல. பிழை என்னிலதான். அடுத்த இதழிலயே திருத்தி எழுதுறன்."

"என்னைச் சமாளிக்கிறதுக்காகச் சொல்லேல்லையே?"

"இல்லை. நீங்கள் வாசிச்சுப் பாத்த பிறகுதான் அனுப்புவன்."

நதீஷா எழுந்து, தாய் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த குசினிப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு, சம்மதம் எண்டு மாப்பிள்ளை வீட்டாரிட்டச் சொல்லுங்கோ!"