மஞ்சள் அறைக் கதவில் ஓர் ஓட்டை

"அதே ரூம், அதே கதவு, அதே ஓட்டை. இவ ஸ்கிரீன் மட்டும் எப்படிய்யா சுத்தமா இருக்கு?"

மேனேஜர் என்னைக் காட்டித்தான் கத்திக்கொண்டிருந்தார். எங்கள் முதலாளியம்மாவின் வீட்டுக்காரர். மேனேஜர் ஆவதற்கு வேறென்ன படிப்பு வேண்டும்?

மேசைமேல் பாழாய்ப்போன டி-ஷர்ட்கள். ஏதோ கால்பந்து அணிக்குச் சிங்கம் அச்சடிக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு சிங்கத்துக்கும் மூக்கில்லை. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மை விழாமல் ஒரு வெள்ளை வட்டம்.

அச்சடிக்கும் வலைத்துணிச் சட்டம்தான் ஸ்கிரீன். அதில் எமல்ஷன் என்ற பசையைப் பூசி, மஞ்சள் பல்பு மட்டும் எரியும் அறையில் காயவைப்போம். காய்கிறபோது வெயில் பட்டால் பட்ட இடம் கெட்டியாகிவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் அங்கே மை இறங்காது.

அந்த அறைக் கதவில்தான் மேனேஜர் சார் ஓட்டை போட்டார். உள்ளே யார் தூங்குகிறார்கள் என்று முற்றத்தில் நின்றே கண்டுபிடிப்பாராம். காலை வெயில் நேரே அந்தக் கதவில் அடிக்கும், வேண்டாம் என்று ஸ்கிரீன் பூசுகிற நாங்கள் மூன்று பேரும் தலைபாடாக அடித்துக்கொண்டோம். இத்தனூண்டு ஓட்டையில் என்ன வெளிச்சம் வந்துவிடும் என்று சிரித்தார் மகராசன்.

இப்போது சோடாபுட்டி அண்ணனுக்கும் குண்டண்ணனுக்கும் சீட்டுக் கிழியப்போகிறது. ஆளுக்கொரு நாள் முறை வைத்துத்தான் பூசுவோம். அவர்கள் பூசிய நாளெல்லாம் வட்டம். என் முறை வந்தால் ஒரு பொட்டுக்கூட இருக்காது.

அண்ணன்மார் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் உள்ளூர எனக்குப் பெருமைதான். கைராசி என்று ஒன்று இருக்கிறதல்லவா!

முதலாளியம்மாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா தொடங்கிய அச்சகம் இது. மை வாசனையிலேயே வளர்ந்தவர். எழுந்து என்னை மஞ்சள் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

ஓட்டை வழியாக வந்த வெயில் ஸ்கிரீன் காயும் அடுக்கில் வட்டமாக விழுந்தது. அதன் குறுக்கே அம்மா உள்ளங்கையை நீட்டினார். வட்டம் கையில் உட்கார்ந்தது.

"ஏங்க, வந்து அந்த ஓட்டையில கண்ணை வைங்க."

சார் ஓடிவந்தார். மேற்பார்வை என்றால் அவருக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி.

அம்மாவின் கையிலிருந்த வட்டம் அணைந்துபோனது.

அம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நான் உள்ளே இருந்த காலையெல்லாம் அந்த ஓட்டையை ஒரு கண் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கைராசியாவது மண்ணாங்கட்டியாவது!

"நல்லாத் தெரியுது," என்றது கதவு. "இன்னும் எவ்வளவு நேரம் நிக்கணும்?"

அம்மா கையை எடுக்கவில்லை.

"இவ முறை வர்றப்போ எவ்வளவு நேரம் நிப்பீங்களோ, அவ்வளவு நேரம்."